நெல்லைச் சீமையில் வீடு கட்டுகிறவர்களுக்கு: கான்கிரீட்டைக் குறைக்க எந்த ஊருக்கு எது?

போன மாதம் முக்கூடலிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். "அண்ணாச்சி, ஆயிரம் சதுர அடியில வீடு போடப் போறேன். கான்கிரீட் பூமிக்குக் கேடுன்னு மக காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொல்லுதா. மண் கல்லுல கட்டுவோம்ங்கா. கொத்தனார் அது நிக்காதுங்காரு. நான் யார் பேச்சைக் கேக்க?"

இதே கேள்வியை உவரியிலிருந்து ஒருவரும் சங்கரன்கோவிலிலிருந்து ஒருவரும் கேட்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஆற்றங்கரை வண்டல், கடற்கரை உப்பு, கரிசல் எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலும் ஒரே மண்ணாக இருந்ததில்லை.

நான் இன்ஜினியர் இல்லை. சைட்டில் மேற்பார்வை பார்க்கிறவன். கம்பிக் கணக்கை உங்கள் இன்ஜினியரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'கான்கிரீட்டுக்கு மாற்று' என்று ஒரே பொருளைத் தேடுகிறவர்கள் கடைசியில் பழையபடியே கட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரே பொருள் கடையில் கிடையாது. வீட்டை சிமென்டு, சுவர், மேல்தளம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுத்தால்தான் வழி பிறக்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் 1450 டிகிரி வரை சுட்டு எடுக்கும் உருண்டை அது. ஜிப்சத்தோடு அரைத்தால் சிமென்டு. 1949இல் சிமென்டு ஆலை வந்த தாழையூத்துப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் புகையெல்லாம் எரிபொருளிலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையை வெயிலிலேயே ஓட்டினாலும் அந்த 44 போகத்தான் செய்யும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருகிறது என்றால், அதில் பெரும்பாதி இந்தக் கல்லுக்குள் இருந்தது. ஆகவே 'பசுமை' என்று எதைக் கொண்டுவந்து காட்டினாலும், இதில் கிளிங்கர் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன்.

இரண்டாவது, முழுச் செலவு. மூட்டை விலையோ கல் விலையோ மட்டும் போதாது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடும் முட்டும்) வாடகை எத்தனை நாள், நனைக்கத் தண்ணீர் எங்கிருந்து, லாரி எவ்வளவு தூரம் வருகிறது எல்லாம் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது, கை. அந்த வேலையைச் செய்து பழகிய கொத்தனார் உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறாரா?

நான்காவது, உங்கள் மனை. மண், உப்பு, வெள்ளம், சாரல். கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் வங்கியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## சிமென்டு: எந்த மூட்டை?

ஓபிசி. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டு, ஏறக்குறைய முழுக்கக் கிளிங்கர். 50 கிலோ மூட்டைக்குத் தோராயமாக 40 கிலோ கரியமில வாயு. சீக்கிரம் பிடிக்கும், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கலாம். அவசர வேலைக்கும் பெரிய தூண்களுக்கும் சரி. கிரேடு என்பது வலிமை எண்; ஒரு மாடி வீட்டுக்கு 53 கிரேடு கேட்டு வாங்குவது, கத்தரிக்காய் நறுக்க அரிவாளை எடுப்பது போல.

பிபிசி. போர்ட்லாண்ட் போசோலானா சிமென்டு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்தது. மூட்டைக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1050 மெகாவாட்டுக்குக் கட்டப்பட்டது. நெல்லையிலிருந்து 50 கிலோமீட்டர்தான். சாம்பலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கடையில் கிரேடு சொல்லாமல் 'சிமென்டு' என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருகிறார்கள். அதாவது நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள், உங்களுக்குத்தான் தெரியாது.

இதன் மறைந்த செலவு நாள் கணக்கில் இருக்கிறது. இந்தியத் தரப்படி 43 கிரேடு ஓபிசி ஏழாம் நாளில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 33 நியூட்டன் தாங்க வேண்டும். பிபிசிக்கு ஏழாம் நாள் கணக்கு 22தான். 28ஆம் நாளில்தான் 33. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பேட்டையில் மச்சான் வீட்டில் படித்தேன். பதினாறு அடி அகல ஹால், பிபிசி தளம். ஏழாம் நாள் காலையில் சென்ட்ரிங்காரர் வண்டியோடு வந்து நின்றார். அடுத்த சைட்டுக்குத் தகடு வேண்டுமாம். நாங்களும் ஒரு வார வாடகை மிச்சம் என்று தலையை ஆட்டினோம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மொட்டைமாடி நடுவில் தண்ணீர் குளம் கட்டியது. கீழே சீலிங்கில் முடி மாதிரி ஒரு கோடு. மச்சான் சிமென்டைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்தில் ஓபிசிக்கே 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது விதி. நாங்கள் போட்டதோ பிபிசி.

நனைப்பிலும் அப்படித்தான். நம் பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஓபிசி என்றால் 10 நாள், சாம்பல் கலந்ததென்றால் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது. தூண் என்றால் சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

பிஎஸ்சி. போர்ட்லாண்ட் ஸ்லாக் சிமென்டு, இரும்பு ஆலைக் கசடு 25 முதல் 70 சதவீதம். கிளிங்கர் இன்னும் குறைவு, உப்பையும் நன்றாகத் தாங்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடல் காற்றில் தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்து, பூச்சு பெயர்ந்து தொங்குகிற வீடுகளைப் பார்த்தவர்கள் இதைத்தான் தேட வேண்டும். ஏழு நாள் வலிமை பிபிசி மாதிரியேதான், அவசரம் ஆகாது. ஆனால் அந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீரை டேங்கரில் வாங்க வேண்டும். சிமென்டில் சேமித்துவிட்டு உப்புத் தண்ணீரை ஊற்றுவது வீண்.

எல்சி3. சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தது, கிளிங்கர் பாதிதான். களிமண்ணை 800 டிகிரி வாக்கில் சுட்டாலே போதும். சென்னை, டெல்லி ஐஐடிக்கள் இதில் உழைத்திருக்கின்றன. 2023இல் இந்தியத் தரக் குறியீடும் வந்துவிட்டது. கரியமில வாயுவில் 40 சதவீதம் வரை குறையும். நான் கேட்ட இரண்டு கடைகளில் பெயரே தெரியவில்லை. கிடைத்தால் வாங்குங்கள், இதற்காக வீட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

சாம்பலும் கசடும் கலந்த காம்போசிட் சிமென்டும் உண்டு. பிபிசிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

## சுவர்: எந்தக் கல்?

சேம்பர் செங்கல். எல்லாக் கொத்தனாருக்கும் கை பழகியது. கிளிங்கர் இல்லை, ஆனால் சூளையில் எரிபொருளும் வயல் மேல்மண்ணும் போகின்றன. இதை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆரியங்காவு தாண்டினால் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' வீடுகளைப் பார்க்கலாம். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் நான்கில் ஒரு பங்கு கல் மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் சூடும் குறைவு. நம் கொத்தனாருக்கு முதல் நாள் எரிச்சல் வரும். இரண்டாம் நாள் பழகிவிடும். ஒயரிங் பைப் எங்கே போகிறது என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். பிறகு காடி வெட்டினால் சுவர் ஓட்டையாகிவிடும்.

பிளை ஆஷ் கல். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த கல். சூளை இல்லை, மேல்மண் இல்லை, அளவு சீராக இருக்கும், சாந்து குறைவாகப் பிடிக்கும். இதில் சிமென்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துக் கல் பலவும் சிமென்டு போட்டுத்தான் அச்சில் அடிக்கிறார்கள். தரமும் பட்டறைக்குப் பட்டறை மாறும். லோடு இறக்கும் முன் நான் மூன்று காரியம் செய்வேன். ஆணியால் கீறுவேன், பொடி உதிர்ந்தால் வேண்டாம். இரண்டு கல்லைத் தட்டிப் பார்ப்பேன். மணி மாதிரி கேட்க வேண்டும். பிறகு ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுவேன். நல்ல கல் மூலை மட்டும் உடைந்து கிடக்கும். ஒரு முறை கல் விழுந்த இடத்தில் கல்லே இல்லை, சாம்பல்தான் இருந்தது. லோடு ஓட்டி வந்தவர் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மண் கல். முக்கூடல்காரர் மகள் கேட்டது இதைத்தான். மண்ணோடு 5 சதவீதம் அளவு சிமென்டு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல் ஈரத்திலேயே பதப்படுத்தும் கல். ஆரோவில்லில் உள்ள மண் கட்டட நிறுவனம் இதை நீண்ட காலமாகச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய மண்ணே கல்லாகிவிட்டால் லாரிச் செலவே கிடையாது. கார்பன் கணக்கில் சுவருக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் எல்லா மண்ணும் ஆகாது. நல்ல கலவையில் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும் இருக்க வேண்டும். சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு இரண்டடி ஆழத்து மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி ஓரிரவு வையுங்கள். காலையில் அடியில் சரளையும் மணலும், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று வரிவரியாகப் படிந்திருக்கும். நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் தேறும். கரிசல் தேறாது, அது மழைக்கு வீங்கி வெயிலுக்குப் பிளக்கிற ஜாதி, சிமென்டுக்கு அடங்காது.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவர வேண்டும், கல்லை நாலு வாரம் மூடி ஈரமாக வைக்க இடம் வேண்டும், பழகிய ஆளை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும். வங்கி மதிப்பீட்டாளர் 'மண் வீடு' என்று கேட்டதும் முகம் சுளிக்கலாம், கடன் மனுவுக்கு முன்பே பேசிவிடுங்கள். தென்காசிச் சாரல் பக்கம் என்றால் இரண்டடி இறவாரம் கட்டாயம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டதை மறந்துவிட முடியாது. ஆற்றங்கரையில் வெள்ளம் தொட்ட உயரம் வரை கருங்கல்லும் சிமென்டும்தான். மண் கல்லுக்கு அதற்கு மேல்தான் இடம்.

ஏஏசி பிளாக். உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த கான்கிரீட் கல். எடை குறைவு, சூடு குறைவு, மாடி மேல் மாடிக்கு நல்லது. ஒரு மாடி வீட்டுக்கு, லாரி வரும் தூரத்தைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த 44இல் பெரும்பகுதி மெல்ல மெல்ல வந்து சேரும், சூளை விறகின் புகை மட்டும் சேராது. ஆச்சி வீட்டில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தொட்டியின் புளித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்தச் சுவரும் நிற்கிறது. ஆனால் இன்றைக்கு இந்தக் கை தெரிந்தவர்கள் பெரும்பாலும் கோயில் திருப்பணியில் இருக்கிறார்கள், கருப்பட்டியோ காப்பிக்குப் போடவே யோசிக்கிற விலை. உள்பூச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் மட்டும் இதை விட்டுவிடக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்டு பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிரும்.

## தளம்: கணக்கு இங்கேதான்

சுவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சிமென்டைத் தின்பது தளம். 1000 சதுர அடி, ஐந்து அங்குலம் என்றால் 417 கன அடி, ஏறக்குறைய 12 கன மீட்டர். வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகப் போடும் எம்20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை; ஆக 95 மூட்டை. ஓபிசிக்குப் பதில் பிபிசி போட்டால் மூட்டைக்கு 10 கிலோ, மொத்தம் 950 கிலோ கரியமில வாயு குறையும். முன்பே பிபிசிதான் என்றால் அந்த லாபமும் இல்லை. அப்புறம் கான்கிரீட்டையே குறைப்பதுதான் வழி.

ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் சும்மா எடைக்குத்தான் இருக்கிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிக் கட்டங்களுக்கு நடுவில் இரண்டு சீமை ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் போடுவார்கள். 20 முதல் 30 சதவீதம் கான்கிரீட் மிச்சம். நம் 12 கன மீட்டரில் குறைந்தபட்சக் கணக்கே 19 மூட்டை. ஓடுகளுக்கு இடையில் காற்று நிற்பதால் மே மாத மதியத்தில் ஃபேன் அனலைக் கொட்டுவதும் குறைகிறது. பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கு ஓடு வீட்டிலேயே கிடக்கிறது.

கவனிக்க வேண்டியவை: ஓடுகளை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காய்ந்த ஓடு கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சுவரை ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது. ஃபேன் ஹூக், பைப் எல்லாம் முதலிலேயே குறிக்க வேண்டும். நாளைக்கு மேல் மாடியில் இஷ்டத்துக்குச் சுவர் எழுப்புகிற உத்தேசம் இருந்தால் இது வேண்டாம். தகட்டின் மேல் ஓடுகளை வரிசை பிடித்து அடுக்க ஒரு நாள் கூடுதல் கூலி ஆகும். சீலிங் பூச்சு வேண்டாம் என்றால் அந்தக் காசு அங்கேயே திரும்பிவிடும்.

சாய்ந்த ஓட்டுக் கூரை. கான்கிரீட்டே இல்லை. தென்காசி, பாபநாசம் பக்கம் மழைக்கு இதைவிடப் பொருத்தமில்லை. ஆனால் அங்கே குரங்கு உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் ஏறி ஓடு மாற்றுவதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

மட்டப்பா. கட்டை பரப்பி, சிறிய செங்கலை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம். இருக்கிறதைக் காப்பாற்றுங்கள். புதிதாகப் போட நல்ல மரமும் கிடைக்காது, விலையும் கட்டாது.

இன்னொன்று, எலிவேஷன். முகப்புக்காக நீட்டுகிற கான்கிரீட் துடுப்புகள், ஒன்றும் வைக்காத லாஃப்டுகள். இதை வெட்டினாலே பல மூட்டை மிச்சம், மாற்றுப் பொருள் எதுவும் தேவையில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் மலையை உடைத்துத்தான் வருகின்றன. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு துடுப்பு வைத்த முகப்பைப் பார்த்தால் எனக்கு அந்தக் குவாரிதான் ஞாபகம் வருகிறது.

சாம்பலைக் காரக் கரைசலில் இறுக்கும் ஜியோபாலிமர் பற்றியும் கேட்கிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கையைப் பொசுக்கும் பொருள். பட்டறையில் வார்த்த பலகை, ரயில் ஸ்லீப்பர் மாதிரியானவற்றுக்குச் சரி, வீட்டு வாசலில் சட்டியில் கலக்குவதற்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| தேர்வு | கார்பன் லாபம் | மறைந்த செலவு | எங்கே நல்லது |
|---|---|---|---|
| பிபிசி | ஓபிசியைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு | சென்ட்ரிங் நாள், 14 நாள் நனைப்பு | ஏறக்குறைய எல்லா இடமும் |
| பிஎஸ்சி | இன்னும் கூடுதல் | நல்ல தண்ணீர், பொறுமை | கடற்கரை, உப்பு மண் |
| பிளை ஆஷ் கல் | நடுத்தரம் | தரம் பார்த்து வாங்கும் வேலை | ஆற்றங்கரை, நகரம் |
| மண் கல் | சுவரில் மிக அதிகம் | இயந்திரம், ஆள், இறவாரம், வங்கி | வெள்ளம் ஏறாத செம்மண் மனை |
| எலிப்பொறிக் கட்டு | கல்லில் கால் பங்கு | முன்கூட்டியே ஒயரிங் திட்டம் | செங்கல்லை விட மாட்டேன் என்பவர்களுக்கு |
| ஃபில்லர் ஸ்லாப் | தளத்தில் 20–30 சதவீத கான்கிரீட் | இன்ஜினியர் கணக்கு, அடுக்கு கூலி | மாடி எழுப்பாத, பழைய ஓடு உள்ள வீடு |

## மூன்று பேரும் என்ன செய்தார்கள்?

உவரிக்காரருக்கு பிஎஸ்சியும், கம்பி மேல் தாராளமான கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) சொன்னேன். சுவருக்கு அவர் விருப்பம். அங்கே கம்பியைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. இருபது வருஷத்தில் இடித்துக் கட்டுகிற வீட்டில் எந்த மிச்சமும் மிச்சமில்லை.

சங்கரன்கோவில்காரர் மனை சுத்தக் கரிசல். அஸ்திவாரத்தில் சிக்கனம் பேசாதீர்கள், மண் பரிசோதனை செய்து அடியில் குமிழ் வைத்த பைல் வேண்டுமா என்று இன்ஜினியரைக் கேளுங்கள் என்றேன். மேலே செங்கல்லில் எலிப்பொறிக் கட்டு. சுவர் எடை குறைவதும் அங்கே லாபம். கொத்தனார் இன்னும் சம்மதிக்கவில்லையாம்.

முக்கூடல்காரர் மகள் பாட்டிலைக் குலுக்கி வைத்து மறுநாள் காலையில் படம் அனுப்பியிருந்தாள். பாதிக்கு மேல் களி, அதற்குக் கீழே விரல்கடை மணல். வெளியிலிருந்து மணல் வாங்கிக் கலந்தால் மண் கல்லின் சிக்கனமே போய்விடும். "அப்போ வேண்டாமா மாமா?" என்று கேட்டாள். சுவரை பிளை ஆஷ் கல்லுக்கு விட்டுவிட்டு, தளத்தைப் பார் என்றேன். அவர்கள் இடிக்கப்போகிற தாத்தா வீடு சீமை ஓட்டு வீடு. அப்பாவும் மகளும் ஏணி போட்டு ஏறி எண்ணியிருக்கிறார்கள்: உடையாதது 640. ஜோடி ஜோடியாக வைத்தால் ஹாலுக்கும் இரண்டு படுக்கை அறைக்கும் வரும். அடுக்களைக்குச் சாதாரணத் தளம்தான். இப்போது ஓடுகளை உடையாமல் இறக்கித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.